உங்கள் போனில் இருக்கும் பெயர்கள் போதாது

கேள்வி: நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் ஆராய்ச்சிக் குழு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்கள் நிர்வாகம் வருடாவருடம் ஆசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் வரை ஆராய்ச்சிக்கு சீட் மணி, அதாவது தொடக்க நிதி, தருகிறது. போன வருடம் பதினெட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள், ஆறு பேருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு முன்மொழிவையும் வெளியே மூன்று பேருக்கு அனுப்பினோம். எல்லாரும் எனக்கும் முதல்வருக்கும் தெரிந்த பேராசிரியர்கள்தான். கிடைக்காதவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒருவருக்கு வந்த மதிப்புரை ஒரே வரி: ‘புதுமை போதாது.’ இன்னொருவருடையதைப் படித்தவர், தேர்வான வேறொருவரின் பிஎச்.டி. கைடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஐ.ஐ.டி.யில் ஆள் பிடியுங்கள் என்கிறார் முதல்வர். மெயில் போட்டால் பதிலே வருவதில்லை. விண்ணப்பிப்பவர்களிடமே பெயர் கேட்டு வாங்கலாமா? நல்ல மதிப்பீட்டாளரை எப்படித்தான் தேடுவது?

பதில்:

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

விண்ணப்பிப்பவர்களிடம் பெயர் கேட்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றை நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘எனக்கும் முதல்வருக்கும் தெரிந்த பேராசிரியர்கள்.’ அவர்கள் வேண்டுமென்றே அநியாயம் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் முன்மொழிவைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே, யாருக்கு அனுப்பலாம் என்று நீங்கள் போனைக் கையில் எடுத்தபோதே, பாதி முடிவாகிவிட்டது.

நிதி வழங்கும் அலுவலகத்தில் திட்டப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உங்கள் கல்லூரிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கோடிக்கணக்கில் பணம் போகிற இடத்திலும், கமிட்டி கூடும் நாள் நெருங்கிவிட்டால், போனை எடுப்பவர், மறுக்காதவர், சொன்ன தேதிக்குள் அனுப்புகிறவர் என்ற வரிசையில்தான் பெயர்கள் வரும். மூன்றும் நல்ல குணங்கள்தான். கையில் இருக்கும் முன்மொழிவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் அதில் எங்கேயும் காணோம்.

ஆகவே பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு முன்மொழிவையும் படித்து, இது எங்கெங்கே இடறி விழக்கூடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதுவது அந்தத் துறைக்காரராகவே இருக்க வேண்டியதில்லை. கவனமாகப் படிக்கிற எவரும் எழுதலாம். எந்தெந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல யாரால் முடியும் என்று யோசிப்பது அடுத்த வேலை.

உங்கள் வேதியியல் துறையில் ஒருவர் இப்படி எழுதித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: கடலூர் முதுநகரில் வீணாகும் இறால் ஓட்டைச் சேகரித்து, அதிலிருந்து சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கைட்டோசான் என்ற பொருளைத் தயாரித்து, சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்குவது. வழக்கப்படி இது மூன்று வேதியியல் பேராசிரியர்களுக்குப் போகும். மூவரும் ஒரே பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை எடுப்பது, காரத்தில் வேகவைத்துப் புரதத்தை எடுப்பது, அப்புறம் மிஞ்சும் கைட்டினை அடர்காரத்தில் கைட்டோசானாக மாற்றுவது, எந்த பி.எச்.சில் (அமில, கார அளவில்) சாயம் நன்றாக ஒட்டுகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதை ஏற்கெனவே ஏராளமானோர் செய்துவிட்டார்கள் என்பதும் தெரியும். ‘புதுமை போதாது’ என்ற ஒற்றை வரி இப்படித்தான் பிறக்கிறது. மூன்று பேரிடம் கேட்டீர்கள், கிடைத்தது ஒரே ஒரு கருத்து.

அந்த மூவரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிரதியை, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் போன்ற ஓர் இடத்தில் இறால், நண்டு பற்றித் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் பி.எச். பக்கத்தைத் தாண்டி நேராகக் கால அட்டவணைக்குப் போவார். ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்கே போகாத மாதத்தில் ஓடு சேகரிப்பதாகப் போட்டிருக்கிறீர்களே? வளர்ப்புப் பண்ணையிலிருந்து வனாமி ஓடு வாங்கப் போகிறீர்கள் என்றால் இனமே வேறு, அதை முதலில் சொல்லுங்கள்’ என்பார். மூன்றாவது பிரதி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டிப் பழகிய ஓர் இன்ஜினியருக்கு. சிப்காட் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாராவது கிடைப்பார்கள். அவர் கேட்பது இன்னும் வேறு மாதிரி இருக்கும்: ‘ஒரே ஒரு சாயத்தை வடிநீரில் கரைத்துச் சோதிக்கிறீர்கள். நிஜக் கழிவுநீரில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று பார்த்தீர்களா? அப்புறம், கைட்டோசான் எடுத்த பிறகு மிஞ்சும் கார நீரை எங்கே கொட்டப் போகிறீர்கள்?’

இந்த மூன்று குறிப்பும் கைக்கு வந்தால், பணம் கிடைக்காவிட்டாலும் அந்த ஆசிரியர் உங்களோடு பேசுவதை நிறுத்த மாட்டார் என்றே நினைக்கிறேன். முன்மொழிவைத் திருத்த அவருக்கு வேலை கிடைத்துவிடும்.

‘துறை நிபுணரை விட்டுவிட்டு வெளியாளிடம் கேட்பதா?’ என்று முதல்வர் முகம் சுளிக்கலாம். நிபுணரை விடச் சொல்லவில்லை. நிபுணர்களை மட்டும் கேட்க வேண்டாம் என்கிறேன். இதற்கு ஆதாரம் உண்டு. 2016இல் பூட்ரோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், 15 மருத்துவ ஆராய்ச்சி முன்மொழிவுகளை 142 பேர் மதிப்பிட்டார்கள். தங்கள் சொந்த ஆராய்ச்சிக்கு நெருக்கமானவற்றுக்கு அவர்கள் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். ரொம்பப் புதிதாக இருந்தவற்றுக்கும் அப்படியே. அடுத்த ஆண்டு, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் குழுக்களைப் பற்றி டேனியெல் லீ வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் போனது. தங்கள் வேலையோடு தொடர்புள்ள முன்மொழிவுகளை உறுப்பினர்கள் சாதகமாகப் பார்த்தார்கள், அதே சமயம் அவற்றின் தரம் அவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தும் இருந்தது. ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை. கிட்டே இருப்பவருக்கு நிறையத் தெரியும், அந்தத் துறையில் அவருக்கு ஆசாபாசமும் உண்டு. அது ஏற்றியும் விடும், இறக்கியும் விடும். அதனால்தான் ஒருவர் கிட்டத்திலிருந்தும், ஒருவர் பக்கத்துத் துறையிலிருந்தும், ஒருவர் அந்த ஆராய்ச்சி யாருக்குப் பயன்பட வேண்டுமோ அந்தப் பக்கத்திலிருந்தும் இருக்கட்டும் என்கிறேன்.

இனி, தெரிந்தவர் விவகாரம். ‘வெளி ஆள்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. காரைக்கால் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் மாறி மாறிப் போய் வேலை பார்த்தவர்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தவர் ஒருவர் இன்று கடலூரில் இருப்பார், இன்னொருவர் சிதம்பரத்தில் இருப்பார். பஸ் டிக்கெட் விலையை வைத்து வெளி ஆள் என்று முடிவு செய்ய முடியாது. யார் யாரிடம் படித்தார், யாரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார், யார் யாருடைய வைவாவுக்கு வந்தார், யார் யாரை இன்டர்வியூ எடுத்தார் என்று பார்க்க வேண்டும். சொந்தபந்தமும் சாதியும் நம் ஊர்க் கமிட்டிகளில் கூடவே வந்து உட்காரும். விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. குறைந்தபட்சம் உறவுமுறையையாவது வெளிப்படையாகக் கேட்டுவிடலாம்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை சேர்ந்து எழுதியவர்களை 48 மாதம் விலக்கி வைக்கிறது. கைடுக்கும் மாணவருக்கும் இடையிலான உறவுக்குக் கால வரம்பே கிடையாது. அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இதைச் சரிபார்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஆய்வேட்டைத் தேடினால் ஆய்வாளர் பெயருக்குப் பக்கத்திலேயே கைடு பெயரும் இருக்கும். போன வருடம் பதினெட்டுப் பேருடைய பெயரையும் அதில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த கைடு விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பேராசிரியர் தன் மாணவருடைய முன்மொழிவைப் படிக்கவில்லை. மாணவரோடு போட்டி போடுகிறவருடையதைப் படித்தார். வழக்கமான உறுதிமொழிப் படிவத்தில் ‘இந்த விண்ணப்பதாரரை உங்களுக்குத் தெரியுமா?’ என்றுதான் இருக்கும். அவர் ‘தெரியாது’ என்று மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டிருப்பார். எனவே அழைப்புக் கடிதத்தோடு அந்த வருடம் விண்ணப்பித்த அத்தனை பேருடைய பட்டியலையும் அனுப்பி, இதில் யாரோடு என்ன தொடர்பு என்று கேளுங்கள். இருப்பது ஆறு இடம். ஒருவருக்குக் குறைந்தால் இன்னொருவருக்குக் கூடும்.

தொடர்புடையவர் அந்த ஒன்றுக்கு மட்டும் எழுந்து வெளியே போய்விட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஸ்வீடனில் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மதிப்பெண் தாள்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி போராடி வாங்கி, வென்னெரோஸ், வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1997இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களுக்கு எவ்வளவு குறைத்துப் போட்டார்கள் என்பதுதான் அதில் பிரபலமான பகுதி. எனக்கு அதில் மறக்காத பகுதி வேறு. குழு உறுப்பினரோடு தொடர்புள்ள விண்ணப்பதாரருக்கு அந்த உறுப்பினர் மதிப்பெண் போடக் கூடாது என்று விதி இருந்தது, விதியைப் பின்பற்றவும் செய்தார்கள். அப்படியும் அந்த விண்ணப்பதாரர்களுக்கு அதிக மதிப்பெண் வந்தது. மிச்சம் இருந்த ‘நடுநிலை’ உறுப்பினர்கள் சகாவின் ஆளுக்குத் தாராளமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் உங்கள் மதிப்பீட்டாளர்கள் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாக இருப்பதும் நல்லது.

சில துறைகளில் இதெல்லாம் நடக்காது. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்த சைவச் சுவடிகள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை எடுத்து உங்கள் வரலாற்றுத் துறையில் ஒருவர் வேலை செய்ய விரும்புகிறார் என்றால், கிரந்த எழுத்தில் ஓலையைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தெரியாதவராகத் தேடுவது வீண் வேலை. தெரிந்தவர் ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள், என்ன தொடர்பு என்பதை எழுதி வாங்கிக் கமிட்டி முன் வையுங்கள், மதிப்பெண் கேட்காதீர்கள். அவரால் மட்டுமே சொல்ல முடிகிற விஷயத்தை மட்டும் கேளுங்கள்: இந்தச் சுவடி முன்பே பதிப்பாகிவிட்டதா, இவர் சொல்லும் காலத்துக்குள் இத்தனை ஏட்டைப் படித்து முடிக்க முடியுமா? மதிப்பெண்ணை, சுவடிப் பாதுகாப்பு தெரிந்த ஒரு நூலகரும் வேறு ஊர்க் கோயில் வரலாற்று ஆய்வாளர் ஒருவரும் போடட்டும்.

பெயர்களை எங்கே தேடுவது? இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்தில் துறைவாரியாக ஆட்களைப் பார்க்கலாம். முன்மொழிவின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலும் உதவும், ஆனால் எச்சரிக்கையோடு. அது விண்ணப்பதாரர் பார்த்துப் பார்த்து அடுக்கியது. அதே விஷயத்தில் வேலை செய்தும் அந்தப் பட்டியலில் வராதவர் யார் என்று தேடினால் பல சமயம் நல்ல ஆள் அகப்படுவார். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரியில் கொசு மூலம் பரவும் நோய்களை ஆராயும் ஐ.சி.எம்.ஆர். மையம் என்று கல்லூரி வாசலுக்கு வெளியே இருக்கும் இடங்களைக் கலை அறிவியல் கல்லூரிகள் ஏனோ மறந்துவிடுகின்றன. தேடும் வேலையை நீங்கள் ஒருவரே செய்யாதீர்கள். இரண்டு துறையிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் கொண்டுவரட்டும். யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்துக்காக அலைய வேண்டாம். அவர்கள் திறமையில் குறை சொல்லவில்லை. தேசிய அளவில் பெரிய முன்மொழிவுகள் குவியும் மேஜையில் உங்கள் ஒரு லட்ச ரூபாய் ப்ரொபோசல் அடியில்தான் கிடக்கும். பெரிய பெயர்க்காரர் ஒத்துக்கொண்டாலும், சில சமயம் குறிப்பு எழுதுவது அவரிடம் பிஎச்.டி. பண்ணும் பிள்ளையாக இருக்கும். பிஎச்.டி. முடித்து ஐந்தாறு வருடம் ஆன, தானே இப்படி ஒரு சிறிய நிதியை வாங்கிக் கணக்கு ஒப்படைத்த உதவிப் பேராசிரியரைப் பிடியுங்கள். ஒரு லட்சத்தில் என்ன வாங்க முடியும், பில் பாஸாக எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

விண்ணப்பதாரரிடம் பெயர் கேட்பது பற்றி. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் முன்மொழிவுகளை ஆராய்ந்தபோது, விண்ணப்பதாரர் பரிந்துரைத்தவர்கள் மற்றவர்களைவிடத் தாராளமாக மதிப்பெண் போட்டது தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியத்திலும் அதே கதைதான். வேண்டியவர் பெயரைத்தானே யாரும் கொடுப்பார்கள்! அதற்குப் பதிலாக, ‘இவர் மட்டும் வேண்டாம்’ என்று இரண்டு பெயர் வரை எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். பழைய சண்டைகள் உங்களுக்குத் தெரியாமலே விலகிப் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ‘நீங்கள்தான் அவருக்கு அனுப்பினீர்கள்’ என்ற பேச்சு வரும். அதற்கு ஒரு வழி, ஒவ்வொரு இடத்துக்கும் தகுதியானவர் இரண்டு மூன்று பேர் இருந்தால் சீட்டு எடுத்துத் தீர்மானிப்பது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை மேடைக்கு மேடை பேசி அலுத்த செய்திதான், இருந்தாலும் அதில் பேசப்படாத பாதி இதற்குப் பொருந்தும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்த விதிகளில், ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்பே யார் யார் விலக்கப்பட வேண்டும் என்ற பட்டியல்தான் நீளமானது. கணக்குக் காட்டாதவர் விலக்கு, அவருடைய இன்னின்ன உறவினர் விலக்கு, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் விலக்கு. நிலமும் வேதப் படிப்பும் கேட்ட விதிகளை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவை விலக்குவதும், இடைவெளி விட்டு மறுபடி கூப்பிடுவதும், மிச்சத்தைச் சீட்டுக்கு விடுவதும் இன்றைக்கும் செல்லும்.

சீட்டு என்றதும் நிர்வாகம் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். 1981இல் கோலும் அவருடைய சகாக்களும், முன்னே சொன்ன அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 முன்மொழிவுகளை வேறு மதிப்பீட்டாளர்களிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முன்மொழிவின் தலைவிதியில் ஏறக்குறைய பாதிதான் அதையும் அதை எழுதியவரையும் பொறுத்தது. மீதிப் பாதி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற அதிர்ஷ்டம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிர்ஷ்டம் எப்படியும் உள்ளே இருக்கிறது. அது உங்கள் போன் வழியாக வராமல் இருந்தால் சரி.

கணக்கையும் போட்டுவிடலாம். பதினெட்டு முன்மொழிவுக்கு மும்மூன்று என்றால் 54 மதிப்புரை. ஒருவருக்கு மூன்று கொடுங்கள். ஒன்றே ஒன்று கொடுத்தால் அவர் கை இறுக்கமா தாராளமா என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படியென்றால் குறைந்தது 18 பேர் வேண்டும். மறுப்பவர்களையும் சீட்டையும் சேர்த்தால் நாற்பது பெயராவது கையில் இருக்க வேண்டும். முதல் வருடம் இது பெரிய வேலையாகத்தான் தெரியும். முதலில் அரைப் பக்கச் சுருக்கத்தையும் பெயர்ப் பட்டியலையும் மட்டும் அனுப்பி, ஒத்துக்கொண்ட பிறகு முழுசையும் அனுப்புங்கள். மூன்று வாரம் அவகாசம், மதிப்புரைக்கு ஆயிரம் ரூபாய். மொத்தம் 54,000. ஆறு லட்சத்தைச் சரியாகக் கொடுக்க இவ்வளவு செலவழிக்கலாம் என்பது என் கருத்து. ‘உங்கள் கருத்தை எழுதவும்’ என்று பொதுவாகக் கேட்காமல், முதலில் தாளில் எழுதி வைத்தீர்களே, அதே கேள்விகளை அந்தந்த ஆளுக்கு அனுப்புங்கள். ஒரு வரியில் பதில் எழுதுகிறவரை அந்த நோட்டில் குறித்து வைத்து, அடுத்த வருடம் விட்டுவிடுங்கள்.

பக்கத்துக் கல்லூரியோடு மதிப்பீட்டாளர்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், இரண்டு கல்லூரியாக வேண்டாம். ‘நீ என் ஆளைப் பார், நான் உன் ஆளைப் பார்க்கிறேன்’ என்று ஆகிவிடும். கடலூரில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று மூன்றாகச் சேர்த்து, உங்களுடையது கடலூருக்கு, கடலூருடையது விழுப்புரத்துக்கு, விழுப்புரத்துடையது உங்களுக்கு என்று சுற்றில் விடுங்கள்.

கடைசியாக, பேசாமல் இருக்கும் அந்த இரண்டு பேர். கைடு விஷயத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் புதிதாக மூன்று பேரைப் பிடித்து, பழைய முன்மொழிவையே மறுபடி மதிப்பிடச் செய்யுங்கள். இந்த வருடப் பணத்தில் இடம் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் மூன்று குறிப்பையும் அப்படியே அவர் கையில் கொடுங்கள். என்ன நடந்தது என்பதை மூடி மறைக்காமல் முதல்வரே அவரைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். ‘புதுமை போதாது’ பெற்றவருடைய கோப்பை எடுத்து, எதோடு ஒப்பிட்டால் போதாது, எந்தக் கட்டுரை இதை முன்பே செய்துவிட்டது என்று எழுதியவரிடமே கேளுங்கள். பதில் வந்தால் அதை அவருக்கு அனுப்பிவிடலாம். வராவிட்டால் அந்த மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் கூட்டிப் பாருங்கள்.